மூளையின் கதை – 8: ஐந்நூறு பிராங்க் பந்தயம்

1848இல் பாரிஸ் மருத்துவ அகாதமியில் ஒரு பந்தயம் அறிவிக்கப்பட்டது. அறிவித்தவர் ழான் பாப்டிஸ்த் பூயோ. இதய நோய்களில் அன்றைக்குப் பெரிய பெயர். மூளையின் முன்மடல்கள் பலமாகச் சிதைந்திருந்தும் பேச்சு கெடாமல் இருந்த ஒரே ஒரு நோயாளியைக் காட்டுங்கள், 500 பிராங்க் தருகிறேன் என்றார். பேச்சுக்கு இருப்பிடம் மூளையின் முன்பக்கம்தான் என்று 1825 முதலே எழுதிக்கொண்டிருந்தவர் அவர். நோயாளிகளின் குறிப்புகளையும் இறந்தபின் மூளையைத் திறந்து பார்த்த குறிப்புகளையும் நூற்றுக்கணக்கில் சேர்த்துவைத்திருந்தார். சக மருத்துவர்கள் பலர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்தக் கருத்து முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான் தடை.

சென்ற இதழில் பார்த்த ஃபிரான்ஸ் யோசெஃப் கால் நினைவிருக்கும். தன்னைவிட நன்றாக மனப்பாடம் செய்த பள்ளித் தோழர்களுக்குக் கண்கள் துருத்திக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் கவனித்து, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி பெருத்துக் கண்ணை முன்னால் தள்ளுகிறது, ஆகவே சொற்களுக்கான நினைவு அங்கேதான் இருக்கிறது என்று முடிவுகட்டிய வியன்னாக்காரர். மூளைக்குள் 27 திறன்களுக்கு 27 இடங்களை ஒதுக்கியவரும் அவர்தான். பிள்ளைப்பாசத்துக்கு ஓரிடம், கொலைவெறிக்கு ஓரிடம். அவருக்குப் பிறகு மண்டையைத் தடவிக் குணம் சொல்லும் கூட்டம் ஊர் ஊராகக் கிளம்பியது. காசு வாங்கிக்கொண்டு கல்யாணப் பொருத்தம்கூடச் சொன்னார்கள். அதன் பிறகு, மூளையில் வேலைக்கு ஓரிடம் உண்டு என்று வாயைத் திறந்தாலே, இவனும் மண்டை தடவுகிறவன்தான் என்று முத்திரை குத்தும் நிலை வந்துவிட்டது.

எதிர் அணியின் தலைவர் பியர் ஃப்ளூரான்ஸ். புறா, கோழி, தவளை என்று உயிரோடிருக்கும் பிராணிகளின் மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தெடுத்துப் பார்த்தவர். சிறுமூளையை எடுத்தால் பறவை தள்ளாடுகிறது. முகுளத்தில் குறிப்பிட்ட ஓரிடம் பழுதானால் மூச்சு நிற்கிறது. அதுவரைக்கும் அவர் சொன்னது இன்றைக்கும் சரி. ஆனால் பெருமூளையை எந்தப் பக்கமிருந்து அறுத்தாலும் எல்லாத் திறன்களும் சேர்ந்தே மங்குகின்றன, ஆகவே பெருமூளை என்பது பிரிக்க முடியாத ஒரே உறுப்பு என்றும் சொன்னார். அகாதமி அதைத்தான் நம்பியது. மண்டை தடவுகிறவர்களோடு ஒப்பிட்டால் ஃப்ளூரான்ஸின் கத்தி எவ்வளவோ நேர்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பேச்சின் இருப்பிடத்தைப் புறாவின் தலைக்குள் தேட முடியுமா? அதற்குப் பேசத் தெரிந்த, பிறகு பேச்சை இழந்த மனிதர்கள் அல்லவா வேண்டும்?

பந்தயப் பணம் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. காட்சி இப்போது வேறொரு சபைக்கு நகர்கிறது. 1859இல் பாரிஸில் மானுடவியல் கழகத்தைத் தொடங்கிவைத்தவர் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர். 1861இன் தொடக்கத்தில் அங்கே ஒரு வாக்குவாதம் வாரக்கணக்கில் நீண்டது. பெரிய மூளைக்குப் பெரிய அறிவா என்பது கேள்வி. உடற்கூறு அறிஞர் கிராத்தியோலே இல்லை என்றார். புரோக்கா ஆம் என்றார். இதில் புரோக்கா நின்ற பக்கம் தவறானது. மண்டை ஓடுகளில் ஈயக்குண்டுகளைக் கொட்டி அளந்து, ஆணை மேலே, பெண்ணைக் கீழே, வெள்ளையரை மேலே, மற்றவர்களைக் கீழே என்று வரிசைப்படுத்திய அவருடைய பக்கங்களை இன்றைக்கு வாசிக்கவே கூசும். அவரை வணங்கிவிட்டு நகர்கிற மருத்துவ வரலாறுகள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அளவு முக்கியமா என்ற அந்த விவாதத்திலிருந்துதான் இடம் முக்கியமா என்ற கேள்வி கிளைவிட்டது.

கிளைவிடச் செய்தவர் எர்னஸ்ட் ஓபெர்த்தான். பூயோவின் மருமகன். அவர் சபையில் சொன்ன ஒரு சம்பவம் இது. செயின்ட் லூயி மருத்துவமனைக்கு, தன்னைத்தானே சுட்டுக்கொண்ட ஒருவரைத் தூக்கிவந்தார்கள். நெற்றி எலும்பு முழுவதும் போய்விட்டது. முன்மடல்கள் காயம்படாமல் வெளியே தெரிந்தன. ஆள் நினைவோடு இருந்தார், பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே மருத்துவர்கள் தட்டையான ஒரு கரண்டியை முன்மடல் மீது மெல்ல வைத்து அழுத்தினார்கள். பேச்சு சட்டென்று நின்றது. தொடங்கிய சொல் பாதியில் அறுந்தது. கரண்டியை எடுத்ததும் பேச்சு திரும்பியது. நினைவு மட்டும் தப்பவே இல்லை. சில மணி நேரத்தில் அவர் இறந்துபோனார். சாகக் கிடக்கும் மனிதரிடம் இப்படி ஒரு சோதனையா என்று நமக்கு மனம் பதறுகிறது. அன்றைய சபைக் குறிப்பில் அந்தப் பதற்றம் எனக்குத் தென்படவில்லை.

ஏப்ரல் 4ஆம் தேதி ஓபெர்த்தான் இன்னும் ஒரு படி மேலே போனார். பேச்சிழந்த ஒரு நோயாளியை நெடுநாளாகக் கவனித்துவருகிறேன், அவர் இறந்தபின் முன்மடலில் பழுது இல்லையென்றால் என் கருத்தைக் கைவிடுகிறேன் என்றார். மாமனார் பணத்தை வைத்தார். மருமகன் கொள்கையையே வைத்தார்.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, பாரிஸுக்குத் தெற்கே பிசெத்ரு மருத்துவமனையில் புரோக்காவின் அறுவைப் பிரிவுக்கு 51 வயது ஆள் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வலது கால் முழுக்கப் புரையோடிப்போயிருந்தது. பெயர் என்ன, என்ன செய்கிறது என்று எது கேட்டாலும், இடது கையை ஆட்டிக்கொண்டு ‘டான், டான்’ என்றார். அந்த மருத்துவமனையில் அவருக்குப் பெயரே அதுதான்.

லெபோர்ன் என்ற அவருடைய குடும்பப் பெயர் மட்டுமே நூற்றைம்பது ஆண்டுகளாகப் பாடநூல்களில் இருந்தது. போலந்தைச் சேர்ந்த செசாரி டொமான்ஸ்கி பழைய பதிவேடுகளைத் துழாவி, 2013இல் முழு விவரத்தை வெளியிட்டார். லூயி விக்தோர் லெபோர்ன். 1809இல் மொரே என்ற ஊரில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். இளம் வயதிலிருந்தே வலிப்பு இருந்தது. அச்சுக்கட்டை செய்யும் தொழில். முப்பது வயதுவரை வேலை பார்த்தார். பிறகு பேச்சு போனது. இரண்டு மூன்று மாதங்களில் பிசெத்ருக்கு வந்து சேர்ந்தார். வெளியே போகவே இல்லை.

வந்த புதிதில் ஆள் திடமாக, சுறுசுறுப்பாகத்தான் இருந்தார். பேச்சு மட்டும் இல்லை. கேட்பது எல்லாம் புரிந்தது. சைகையில் சொல்லிப் பார்ப்பார். எதிராளிக்கு விளங்காவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அப்போது மட்டும் ஒரு முழு வசவு, கடவுளை இழுத்து ஒரு வசவு, தெளிவாக வெளியே வந்து விழும். வேண்டும் என்று நினைத்தால் அதைச் சொல்லமுடியாது. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு அவரைக் கட்டோடு பிடிக்காது. சுயநலக்காரர், வன்மம் பிடித்தவர், திருடன் என்றுகூடச் சொன்னார்கள். புரோக்கா இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிவைத்தார். திருடன் என்று குற்றம் சாட்டப்படும்போது ‘டான்’ என்று மட்டுமே பதில் சொல்ல முடிந்த ஒருவர் பிறருக்கு எப்படித் தெரிந்திருப்பார் என்று யோசித்தால், அந்தக் குற்றச்சாட்டை நான் அவ்வளவாக நம்பமாட்டேன்.

பத்து ஆண்டுகள் கழித்து வலது கை தளர ஆரம்பித்தது. அடுத்து வலது கால். கடைசி ஏழு ஆண்டுகள் படுத்த படுக்கை. உணர்ச்சி குறைந்துபோன காலில் புண் வந்து முற்றியதை யாரும் கவனிக்கவில்லை. வாரம் ஒருமுறை மட்டுமே படுக்கை விரிப்பு மாற்றிய இடம் அது.

புரோக்கா அவரைச் சோதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினார். இரு பக்கமும் அசைத்தார். குரலும் கெடவில்லை. ஆக, தசையில் குறை இல்லை. பிசெத்ருக்கு வந்து எத்தனை ஆண்டு என்று கேட்டார். லெபோர்ன் இடது கையை விரித்து ஐந்து விரலையும் நான்கு முறை காட்டினார். பிறகு ஒரு விரல். இருபத்தொன்று. கணக்கு மிகச் சரி. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாளும் அதையே கேட்டபோது, இவர் என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த வசவு வந்து விழுந்தது. கைக்கடிகாரம் பரவாத காலம். புரோக்கா தன் சட்டைப்பை கடிகாரத்தை எடுத்துக் காட்டினார். லெபோர்ன் மணியைச் சரியாகக் காட்டினார். எண்ணத் தெரிந்தது, நினைவு இருந்தது, கோபம் இருந்தது, தன்மானமும் இருந்தது. சொல் மட்டும் இல்லை. ஓபெர்த்தானை வரவழைத்துக் காட்டி, உங்கள் சவாலுக்கு இவர் ஒத்துவருவாரா என்று புரோக்கா கேட்டார். பார்த்துவிட்டு ஓபெர்த்தான் தயங்காமல் ஒப்புக்கொண்டார்.

ஏப்ரல் 17 காலை 11 மணிக்கு லெபோர்ன் இறந்தார். மறுநாளே அவருடைய மூளை கழகத்தின் மேசைமீது இருந்தது.

எடை 987 கிராம். அந்த வயது ஆணுக்குச் சராசரியைவிட ஏறக்குறைய 400 கிராம் குறைவு. இடது முன்மடலில் ஒரு கோழிமுட்டை அடங்குகிற அளவுக்குக் குழி, அதற்குள் நீர். அந்தக் குழியைச் சுற்றி மூளை இளகிப்போயிருந்தது. இளக்கம் உள்ளடுக்குகள்வரை ஓடியிருந்தது. இங்கேதான் சிக்கல். அழிந்தது ஓரிடம் அல்ல, பல இடங்கள். இவற்றில் எது பேச்சின் இடம்?

தெரு முழுக்க எரிந்துபோனபின் விசாரிக்க வருகிறவர், முதலில் எந்த வீட்டில் தீப்பிடித்தது என்று பார்ப்பதுபோல, புரோக்கா காலவரிசையைப் பார்த்தார். 21 ஆண்டுகளில் முதல் பத்து ஆண்டுகள் பேச்சு மட்டும் போயிருந்தது. கைகால் நன்றாக இருந்தது. அதன்பின்தான் வாதம். ஆகவே நோய் முதலில் எங்கே தொடங்கியதோ அதுவே பேச்சின் இடம். பிறகு எங்கே பரவியதோ அது கைகால் அசைவோடு தொடர்புடையது. மிகப் பழைய சேதம் எது என்று தேடினார். மூன்றாம் முன்மடிப்பின் பின்பகுதி ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. குழியின் நடுவும் அதை ஒட்டியே இருந்தது. தொடக்கம் அங்கேதான் என்றார்.

மேலோட்டமாகப் பார்த்தால் பூயோ சொன்னதையே இவரும் சொன்னார் என்று தோன்றும். இல்லை. பூயோ காட்டியது ஒரு திசையை: முன்பக்கம். ஃபிரான்ஸ் யோசெஃப் கால் காட்டியது மண்டையோட்டின் மேட்டை. புரோக்கா காட்டியது மூளையின் மேற்பரப்பிலுள்ள ஒரு குறிப்பிட்ட மடிப்பை. யார் வேண்டுமானாலும் அடுத்த பிணப்பரிசோதனையில் அதே மடிப்பைப் பார்த்து, புரோக்கா சொன்னது சரியா தவறா என்று சொல்லிவிடலாம். அதுவரை மூளையைப் பற்றிப் பேசியவர்கள் யாரும் இந்த அளவுக்குத் தங்களை மாட்டிக்கொண்டதில்லை.

சபை அன்றைக்குப் பெரிதாக அசைந்து கொடுக்கவில்லை. அசைத்தது இரண்டாவது நோயாளி. அதே ஆண்டு அக்டோபரில், தொடை எலும்பு முறிந்து 84 வயது முதியவர் ஒருவர் புரோக்காவிடம் வந்தார். பெயர் லெலோங், மண்வெட்டும் தொழிலாளியாக இருந்தவர். அவரிடம் ஐந்து சொற்கள் இருந்தன: ஆம், இல்லை, எப்போதும், மூன்று, பிறகு ‘லெலோ’ என்று குறைபட்ட தன் பெயர். எந்த எண்ணைக் கேட்டாலும் வாய் ‘மூன்று’ என்றது, அதையும் மழலையாக. விரல்கள்தான் சரியான எண்ணைக் காட்டின. எத்தனை பிள்ளைகள்? ‘மூன்று’ என்று சொல்லி நான்கு விரல். ஆண் எத்தனை? மறுபடியும் ‘மூன்று’, விரல் இரண்டு. வாய் பொய் சொல்கிறது என்று தெரிந்து விரலால் திருத்திக்கொண்டார் முதியவர். சில நாட்களில் இறந்தார். மூளையைத் திறந்தால் சேதம் சிறியது, லெபோர்னுடையதைவிட மிகச் சிறியது. அதே மடிப்பில், அதே இடத்தில். புரோக்காவே ஏறக்குறைய திகைத்துப்போனதாக எழுதியிருக்கிறார்.

அதன்பின் கேஸ்கள் குவிந்தன. 1863இல் எட்டுப் பேரைப் பட்டியலிட்டபோது ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியது. எட்டும் இடது பக்கம். உடலின் இரட்டை உறுப்புகள் இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் என்பது அன்றைய உடலியலின் அடிப்படை நம்பிக்கை. இரண்டு கண், இரண்டு சிறுநீரகம். மூளை மட்டும் எப்படி விலக்காகும்? இன்னும் சான்று வரட்டும் என்று பொறுத்திருந்தார். 1865இல்தான், நாம் பேசுவது இடது மூளையால் என்று அச்சில் ஏற்றினார். வலது கைப்பழக்கத்துக்கும் காரணம் அதே இடது பாதிதான் என்று இரண்டையும் முடிச்சுப்போட்டார்.

இதற்குள் தென் பிரான்ஸிலிருந்து ஒரு வழக்கு. சோமியேர் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த மார்க் தாக்ஸ் என்பவர், பேச்சிழந்தவர்களுக்கு இடது மூளையில்தான் பழுது என்று 1836லேயே எழுதிவைத்திருந்ததாக அவருடைய மகன் குஸ்தாவ் தாக்ஸ் கிளம்பினார். தந்தை 1837இல் இறந்துவிட்டார். மகன் அந்தக் கட்டுரையை 1863இல் அகாதமிக்கு அனுப்ப, அது 1865இல் அச்சேறியது. 1836இல் மோன்பெலியே நகரில் அது வாசிக்கப்பட்டதா என்று புரோக்கா விசாரித்துப் பார்த்தார், தடயம் கிடைக்கவில்லை. முதலில் சொன்னவர் தாக்ஸ், முதலில் நிரூபித்தவர் புரோக்கா என்று இரண்டாகப் பங்கிடுவதுதான் நியாயம் என்பது என் எண்ணம். கிராமத்து மருத்துவரின் குறிப்பு மேசை இழுப்பறையில் கிடந்த காலத்தில், தலைநகரத்து மருத்துவரிடம் கழகமும் அதன் இதழும் இருந்தன.

பூயோவின் பந்தயம் என்னவாயிற்று? அதே 1865இல் அறுவை மருத்துவர் வெல்போ எழுந்து பணத்தைக் கேட்டார். முன்மடல்களைக் கட்டி தின்றுவிட்ட ஒரு சவரத் தொழிலாளி 1843இல் தன்னிடம் வந்ததாகவும், அந்த ஆள் ஓயாமல் பேசியதாகவும் சொன்னார். அகாதமியில் பெரிய ரகளை. மடிப்பின் முகவரி சரி, ‘முன்பக்கம்’ என்ற பொதுவான திசை தவறு என்றால் புரோக்கா, வெல்போ இரண்டு பேருமே ஜெயித்திருக்கலாம்.

1874இல் பிரெஸ்லாவ் நகரில் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது இளைஞர் மேசையைத் திருப்பிப்போட்டார். அவருடைய நோயாளிகள் டானுக்கு நேர்மாறு. சரளமாக, ஏற்ற இறக்கத்தோடு பேசினார்கள். அதில் பொருள் இல்லை. நாம் பேசுவதும் அவர்களுக்குப் புரியவில்லை. பழுது முன்மடலில் இல்லை. இடது பொட்டுமடலின் மேற்பகுதியில், காதுக்கு உள்ளே சற்று மேலே. அவர் அத்தோடு நிற்கவில்லை. முன்னால் ஓரிடம் சொல்லை உருவாக்குகிறது, பின்னால் ஓரிடம் சொல்லைப் புரிந்துகொள்கிறது என்றால், இரண்டுக்கும் நடுவே நரம்பிழைகள் ஓட வேண்டும். அந்த இழை மட்டும் அறுந்தால்? ஆள் புரிந்துகொள்வார், பேசவும் செய்வார், ஆனால் சொற்கள் தவறிப்போகும் என்று கணக்குப்போட்டார். சொல்வதைத் திருப்பிச் சொல்லத் திணறுகிற அத்தகைய நோயாளிகளைப் பிறகு மருத்துவர்கள் கண்டார்கள். இந்தத் தொடரில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் இடங்களைத் தேடினார்கள். வழிகளையும் சேர்த்து எண்ணியவர் வெர்னிக்கே. என்னைக் கேட்டால், இந்த அத்தியாயத்தின் பெரிய அறிவு அவருடையதுதான். பாடநூல்கள் புரோக்காவுக்கும் அவருக்கும் ஆளுக்கொரு பகுதியைப் பெயரிட்டுச் சமன்செய்துவிட்டன.

1906இல் புரோக்காவுக்கே அடி விழுந்தது. அதே பிசெத்ரு மருத்துவமனையில் வேலை பார்த்த பியர் மரி, இடது மூன்றாம் முன்மடிப்புக்கும் மொழிக்கும் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை என்று எழுதினார். லெபோர்னின் மூளையைக் கண்ணாடிச் சாடியில் மறுபடி பார்த்துவிட்டுத்தான் சொன்னார். சேதம் புரோக்கா சொன்னதைவிடப் பின்னால் வெகுதூரம் போயிருக்கிறது என்பது அவர் கட்சி. 1908இல் பாரிஸ் நரம்பியல் கழகம் இதற்காகவே மூன்று அமர்வு கூடியது. எதிரில் நின்று வாதாடியவர் ஜூல் தெழெரின். தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை.

மரியால் அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்ததற்குக் காரணம் புரோக்கா செய்யாமல் விட்ட ஒரு காரியம். அவர் லெபோர்னின் மூளையை அறுக்கவில்லை. மேற்பரப்பை மட்டும் பார்த்து, முழுசாகச் சாராயத்தில் போட்டு, துப்புய்த்ரான் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அறுத்திருந்தால் உள்ளே எவ்வளவு ஆழம் என்று அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் நமக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. லெலோங்கின் மூளையையும் அப்படியே வைத்தார்.

2007இல் அமெரிக்க ஆய்வாளர் நினா ட்ரான்கர்ஸும் பிரான்ஸிலிருந்த சகாக்களும் அந்த இரண்டு மூளைகளையும் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்தார்கள். நூற்றாண்டு கடந்து வந்த படம் தெளிவாக இருந்தது. லெபோர்னுக்கு மேலே தெரிந்த குழியைவிட உள்ளே போன சேதம் பெரிது. இன்சுலா என்ற உள்மடிப்பு போயிருந்தது. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றை போயிருந்தது. லெலோங்குக்கும் அந்தக் கற்றையில் சேதம். இன்னொன்று: லெலோங்கின் மூளையில் பாதிக்கப்பட்டது, இன்றைக்குப் புரோக்கா பகுதி என்று நாம் குறிக்கும் இடத்தின் பின்னோரத்தில் ஒரு துண்டு மட்டும்தான். அதாவது புரோக்கா கண்ட இடமும், பின்னால் வந்தவர்கள் புரோக்கா பெயரில் வரைபடத்தில் அடைத்த இடமும் முழுக்கப் பொருந்தவில்லை.

இன்றைக்கு அறுவைக்கூடத்தில் இந்த விவகாரம் நடைமுறைக் கேள்வி. புரோக்கா பகுதிக்குள் மட்டும் நின்ற சிறிய பக்கவாதத்தில் பலர் சில வாரங்களில் பேச்சைத் திரும்பப் பெறுகிறார்கள். அடியில் ஓடும் இழைகளும் சேர்ந்து போனவர்கள்தான் லெபோர்னைப்போல ஆண்டுக்கணக்கில் தவிக்கிறார்கள். கட்டியை எடுக்கும் மருத்துவர்கள் நோயாளியை விழிக்கவைத்துப் பேசவிட்டு, லேசான மின்சாரத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்து, பேச்சு தடுமாறும் இடத்தில் கத்தியை நிறுத்துகிறார்கள். படத்தில் போட்ட வட்டத்தை நம்பி யாரும் அறுப்பதில்லை. கரண்டியை வைத்து அழுத்திய செயின்ட் லூயி மருத்துவர்கள் செய்ததும் முறையளவில் இதேதான். நோயாளியின் சம்மதமும் அவர் பிழைப்பும் மட்டும் அப்போது கணக்கில் இல்லை.

புரோக்கா 1880இல் 56 வயதில் இறந்தார். அதே ஆண்டுதான் செனட் உறுப்பினராகியிருந்தார். அவருடைய சொந்த மூளையும் பாரிஸில் ஒரு சாடிக்குள் போய்ச் சேர்ந்தது.

அவர் உயிரோடிருந்தபோதே ஆராய்ச்சியின் போக்கு மாறிவிட்டது. நோயாளி இறக்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று 1870இல் பெர்லினில் இரண்டு இளைஞர்கள் கேட்டார்கள். ஆய்வுக்கூடம் கிடைக்கவில்லை, வீட்டிலேயே ஒரு நாயை மேசைமேல் கிடத்தி, திறந்த மூளையில் மின்கம்பியைத் தொட்டார்கள். எதிர்ப்பக்கத்துக் கால் துள்ளியது. பெருமூளையைத் தூண்டினால் எதுவும் அசையாது என்று ஃப்ளூரான்ஸ் காலத்திலிருந்து சொல்லிவந்த பாடம் அன்றோடு முடிந்தது. ஃப்ரிட்ஷ், ஹிட்சிக் என்ற அந்த இருவரையும், அவர்களைப் பார்த்துக் குரங்குகளோடு களத்தில் இறங்கிய டேவிட் ஃபெரியரையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)